கோபம் குறைந்தால் போராட்டமும் குறைந்துவிடுமா?

தோழர், உங்கள் கேள்வியில் மேலே தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. ஐடி ஊழியர் சங்கத்தில் வேலை செய்கிறேன், இடதுசாரிப் பார்வை உள்ளவன், ஒரு வருடமாக மூச்சைக் கவனிக்கும் ஆனாபானாவும் உடலுணர்வுகளைக் கவனிக்கும் விபாசனாவும் ஆகிய பௌத்த தியானங்களைப் பழகுகிறேன், இரண்டும் ஒத்துப்போகுமா என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே வரும் வரிகள்தான் விஷயம். சங்கத் தோழர்கள் இதை முதலாளி கொடுக்கும் மயக்க மருந்து என்று கிண்டல் செய்கிறார்கள். தியான முகாமில் பழக்கமானவர்களோ, வெளியே மாற்றப் பார்ப்பதை விடு, உள்ளே பார் என்கிறார்கள். இதற்கு நடுவில் ஆட்குறைப்புச் செய்தி வந்தபோது முன்பு வந்த அளவு கோபம் உங்களுக்கு வரவில்லை. மழுங்கிப்போகிறேனோ என்று பயமாக இருக்கிறது. கோபம் தணிவது துரோகமா என்றுதான் கேட்கிறீர்கள். நானும் அங்கேதான் போய்ச் சேரப் போகிறேன், கொஞ்சம் சுற்றிக்கொண்டு.

நான் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த வருடங்களில் பெரும்பகுதி கிளைச் சங்கப் பொறுப்பில் கழிந்தது. முப்பதுகளின் நடுவில் விபாசனா கற்றேன். இன்றும் அமர்கிறேன், அவ்வப்போது முகாம்களில் சேவைக்குப் போகிறேன். சுத்தங்கள் எனப்படும், பாலி மொழியில் உள்ள புத்தரின் உரைகளை மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். நான் மனநல மருத்துவரும் இல்லை, ஆசிரியராக அனுமதி பெற்றவனும் இல்லை. சங்க வேலை பற்றிச் சொல்வதை அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள். நூல்கள் பற்றிச் சொல்வதை நீங்களே எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் கொள்கைப் பொருத்தம். உழைப்பின் பலன் யார் கைக்குப் போகிறது, ஏன் போகிறது என்று கேட்பது மார்க்சியம். ஓர் அனுபவம் வந்தவுடன் மனம் அதைப் பிடித்துக்கொண்டோ உதறித் தள்ளியோ தனக்குத் தானே எப்படித் துன்பத்தை வளர்த்துக்கொள்கிறது என்று பார்ப்பது பௌத்தப் பயிற்சி. உங்கள் நிறுவனம் லாபம் காட்டிக்கொண்டே ஏன் ஆட்களை வெளியேற்றுகிறது என்பதற்கு மூச்சைக் கவனித்து விடை கிடைக்காது. அந்தச் செய்தி வந்த இரவு வீட்டில் இருப்பவர்கள்மீது ஏன் எரிந்து விழுந்தோம் என்பதற்கு அரசியல் பொருளாதாரத்தில் விடை இல்லை. இரண்டையும் ஒட்டவைத்து ஒரே தத்துவமாக்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. ஒட்டவைத்தவர்களில் பலர் இரண்டில் ஒன்றைத் தண்ணீர் ஊற்றி மெலிதாக்கித்தான் ஒட்டவைத்தார்கள்.

புத்தர்தான் உலகின் முதல் கம்யூனிஸ்ட் என்று மேடையில் பேசுவோர் உண்டு. அதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. அந்த உரைகளின் தொகுப்புகளில் ஒன்றான திக நிகாயத்தில் சக்கவத்தி சீஹநாத சுத்தம் என்று ஒன்று. அதில் ஓர் அரசன் இல்லாதவர்களுக்குப் பொருள் கொடுக்காமல் விடுகிறான். அதனால் வறுமை பெருகுகிறது, வறுமையால் திருட்டு, திருட்டால் ஆயுதம், ஆயுதத்தால் கொலை, பொய் என்று அந்தச் சமூகமே படிப்படியாகச் சரிகிறது. பிடிபட்ட முதல் திருடனுக்கு அரசன் பணம் கொடுத்து அனுப்புகிறான். அதைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் திருடுகிறார்கள். பிறகு தலையை வெட்டுகிறான். அவர்களும் ஆயுதம் எடுக்கிறார்கள். தனித்தனியாகத் தர்மம் செய்வதும் பலிக்கவில்லை, தண்டனையும் பலிக்கவில்லை. அதே தொகுப்பில் உள்ள கூடதந்த சுத்தத்தில், கொள்ளையர் தொல்லையை ஒழிக்க வேண்டுமென்றால் உழுபவனுக்கு விதை கொடு, வணிகனுக்கு முதல் கொடு, அரசு ஊழியனுக்குக் கூலி கொடு என்று அரசனுக்குப் புரோகிதர் சொல்கிறார். குற்றத்தின் வேர் பொருளாதாரத்தில் இருக்கிறது என்று இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் பழைய நூல்கள் குறைவு.

ஆனால் இந்தச் சுத்தங்கள் அடங்கிய பௌத்த மூலநூல்தொகுதியான திரிபிடகத்திலேயே, கடன்பட்டவனையும் அடிமையையும் அரசனின் படைவீரனையும் துறவியாகச் சேர்க்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. படைவீரர் விஷயத்தில் அரசன் பிம்பிசாரன் வந்து முறையிட்ட பிறகே அந்த விதி வந்ததாக, துறவிகளுக்கான விதிநூலான விநயமே சொல்கிறது. எஜமானர்களோடும் அரசர்களோடும் மோதாமல் துறவிகளின் சங்கத்தைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. கொடுக்காதவன் மறுபிறவியில் வறியவனாகப் பிறக்கிறான் என்று சொல்லும் சுத்தமும் மஜ்ஜிம நிகாயத்தில் உண்டு. இடதுசாரிக்கு முள் குத்தும் இடம் இது. இதை மறைத்துவிட்டுப் பேசுவதில் நியாயமில்லை. இன்னொரு சுத்தத்தில், சீவகன் என்ற நாடோடித் துறவி கேட்கும்போது, மனிதன் அனுபவிப்பது எல்லாமே முன்வினையால் வருகிறது என்ற கருத்தைப் புத்தர் மறுக்கிறார். பித்தம், கபம், வாயு, பருவ மாற்றம், பிறர் தாக்குதல் என்று வேறு காரணங்களை அடுக்கி, வினை அவற்றில் ஒன்று என்கிறார். நான் இந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டவன். அது என் தேர்வு. நூல் முழுக்க அப்படித்தான் இருக்கிறது என்று வாதாட மாட்டேன்.

இரண்டையும் ஒரே வாழ்க்கையில் சுமந்தவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். சிங்காரவேலர் சென்னையில் மகாபோதி என்ற பௌத்த சங்கத்தின் பணிகளில் ஈடுபட்டிருந்தவர். அவர்தான் 1923-இல் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார், 1925-இல் கான்பூரில் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதற்கும் முன்பே, 1898-இல், அயோத்திதாசர் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியிருந்தார். வடக்கே ராகுல சாங்கிருத்தியாயன் 1930-இல் இலங்கையில் பிக்குவாகத் துறவு ஏற்றார், பிறகு 1939-இல் பீகார் விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்குப் போனார். அம்பேத்கர் 1956 நவம்பரில், இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டுப் பேசினார். தனிச்சொத்து ஒரு வர்க்கத்துக்கு அதிகாரத்தையும் இன்னொன்றுக்குத் துயரத்தையும் தருகிறது என்பதில் இருவருக்கும் உடன்பாடு, வேறுபாடு வழிமுறையில்தான் என்பது அவர் வாதம். இவர்கள் எல்லோரையும் கவர்ந்தது பௌத்தத்தின் பகுத்தறிவும் சாதி மறுப்பும்தான். அம்பேத்கரின் பௌத்தத்தில் கண்ணை மூடி உட்காருவதற்கு அவ்வளவு இடமில்லை. ஆகவே பெரியவர்களே செய்திருக்கிறார்களே என்று இவர்களைக் காட்டி உங்கள் தோழர்களிடம் வாதம் செய்யாதீர்கள். நீங்கள் காலையில் செய்வது இவர்கள் வழியாக வந்ததில்லை.

அது பர்மாவிலிருந்து வந்தது, அதன் கதை முழுக்க அரசியல். 1885-இல் பிரிட்டிஷ் படை மாண்டலேயைப் பிடித்து மன்னர் தீபாவை ரத்னகிரிக்கு அனுப்பிவிட்டது. துறவிகளின் சங்கத்தைக் காக்க அரசன் இல்லை என்று ஆனபோது, பொறுப்பைச் சாதாரண மக்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று லெடி சயாடோ என்ற துறவி ஊர் ஊராகப் போய் அபிதம்மம் என்ற பௌத்தத் தத்துவமும் தியானமும் கற்பித்தார். இல்லறத்தார் கூட்டமாக உட்கார்ந்து தியானம் செய்வது பரவலானதே அதற்குப் பிறகுதான். அந்த வரிசையில் வந்த ஊ பா கின், சுதந்திர பர்மாவின் கணக்குத் தலைமை அதிகாரி; அலுவலகத்திலேயே தியானம் கற்பித்தார். அவரிடம் ஒற்றைத் தலைவலிக்காகப் போய்ச் சேர்ந்த, மாண்டலேயில் பிறந்த வியாபாரிதான் கோயங்கா. 1962-இல் ஆட்சியைப் பிடித்த நே வின், பர்மியப் பாதை சோசலிசம் என்ற பெயரில் தொழில்களையும் கடைகளையும் தேசியமயமாக்கினார். கோயங்காவின் தொழில்கள் போயின. 1969-இல் அவர் இந்தியா வந்து முகாம்களைத் தொடங்கினார். அதே தேசியமயத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறிய லட்சக்கணக்கானவர்களில் ஏராளமான தமிழர்கள் இருந்தார்கள். பாரிமுனையில் பர்மா பஜாருக்கும் திருமுடிவாக்கம் தியான மையத்துக்கும் வேர் ஒரே நிகழ்வில் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும். சோசலிசம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் ஆட்சி விரட்டியதால் வந்த பயிற்சியை நாம் சோசலிசம் பேசிக்கொண்டு பழகுகிறோம்.

அதற்கு முந்தைய பிரதமர் ஊ நூ, இளமையில் இடதுசாரி நூல்களைப் பரப்பியவர், தானே தியானம் செய்தவர், 1949-இல் தியானம் கற்பித்த துறவி மகாசி சயாடோவை ரங்கூனுக்கு அழைத்து மையம் அமைக்க உதவியவர். உங்களுக்கும் எனக்கும் கனவு ஆட்சியாளர் மாதிரி தெரிகிறதல்லவா? 1961-இல் அவர் பௌத்தத்தை அரசு மதமாக்கினார். கிறிஸ்தவர்கள் அதிகமுள்ள கச்சின் பகுதியில் அது கிளர்ச்சிக்கு நெய் வார்த்தது. இலங்கையில் இன்னும் கசப்பு. 1956-இல் ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்த, இடதுசாரியான சமசமாஜக் கட்சித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாதான், 1972-இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த அரசியலமைப்பை உருவாக்கிய அமைச்சர். இலங்கைத் தமிழர் ஒருவர் உங்களிடம் 'பௌத்தமா, போதுமப்பா' என்று சொன்னால், தயவுசெய்து உண்மையான பௌத்தம் அதுவல்ல என்று விளக்கம் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். கேட்டுக்கொண்டிருங்கள்.

இவற்றிலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, தியானம் தானாக யாரையும் நியாயமான அரசியலுக்குக் கொண்டுபோகாது என்பது. ஜப்பானில் உச்சியாமா குடோ என்ற சென் பௌத்தத் துறவி குத்தகை விவசாயிகளுக்காக எழுதினார், அரசைத் தாக்கினார், 1911-இல் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சோட்டோ பிரிவு அவரைத் துறவுநிலையிலிருந்து நீக்கியது, 1993-இல்தான் மறுபடி சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அதே சென் மடங்கள் பேரரசின் போருக்கு ஆசி வழங்கின. இரு தரப்பும் உட்கார்ந்த முறை ஒன்றுதான். நம் காலத்துக்கு வந்தால், அமேசான் 2021-இல் தன் கிடங்குகளில் தொலைபேசிக் கூண்டு போன்ற ஒரு சின்ன அறையை வைத்து, தொழிலாளர் உள்ளே போய் மனநல வீடியோ பார்த்து அமைதி அடையலாம் என்று விளம்பரம் செய்தது. ஊரே சிரித்த பிறகு அந்தப் பதிவை எடுத்துவிட்டது. ஆக, உங்கள் தோழர்கள் செய்யும் கிண்டலில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் மனிதவளத் துறை நடத்தும் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற கவனப் பயிற்சி வகுப்புக்குப் போவதில் தப்பில்லை. நன்றி சொல்லும் மின்னஞ்சலில், வேலை நேரத்தையும் காலியிடங்களை நிரப்புவதையும் பற்றிய கோரிக்கையையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

சரி, கோபத்துக்கு வருவோம். ஆட்குறைப்புச் செய்தி வருகிறது. அந்த நொடியில் நடப்பதைப் பிரித்துப் பாருங்கள். இது அநியாயம் என்று அறிவு கண்டுகொள்கிறது. உடம்பில் நெஞ்சுக்கூடு சூடாகிறது, தாடை இறுகுகிறது. அப்புறம் மனம் அந்த மேலாளர் முகத்தை வைத்து ஒரு நாடகம் ஓட்டுகிறது, அது இரவு இரண்டு மணி வரை ஓடுகிறது. அதற்கும் பிறகு, நாம் ஏதாவது செய்கிறோம் அல்லது செய்யாமல் விடுகிறோம். பயிற்சி வேலை செய்வது நடுவில் இருக்கும் சூட்டின்மீதும் நாடகத்தின்மீதும்தான். சூட்டைச் சூடாகவே கவனித்தால் அது கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிறது. நாடகத்துக்கு எரிபொருள் குறைகிறது. ஆனால் கடிதம் கடிதமாகவே இருக்கிறது. அதில் பெயர் உள்ளவர்களுக்கு அடுத்த மாதம் வீட்டுக் கடன் தவணை கட்டப் பணம் இல்லை என்பதும் அப்படியே இருக்கிறது. சூடு இறங்கிய பிறகு மிச்சமிருப்பது என்ன என்று பாருங்கள். 'இது அநியாயம், யாரைப் பார்க்க வேண்டும், என்ன எழுத வேண்டும்' என்பது மிச்சமிருந்தால் உங்களிடம் எதுவும் மழுங்கவில்லை. 'உலகம் இப்படித்தான், எல்லாம் அனிச்சா, நிலையில்லாதது' என்பது மிச்சமிருந்தால், அப்போது கவலைப்படுங்கள்.

இதை உள்ளே பார்த்தே கண்டுபிடித்துவிட முடியாது என்பது என் கருத்து. மனம் தனக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். அதனால் வெளியே பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் கூட்டங்களுக்குப் போனீர்களா, சந்தா வசூலித்தீர்களா, பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு நேரில் போனீர்களா, தொழிலாளர் துறைக்கு மனு எழுத உட்கார்ந்தீர்களா? இவை குறையவில்லை என்றால் கோபத்தின் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்னொரு சோதனையும் உண்டு, இது கொஞ்சம் உறுத்தும். மற்றவர்களின் வேலை போகும்போது சமநிலை, உங்கள் ஊதிய உயர்வு தள்ளிப்போகும்போது கொதிப்பு என்றால், அது சமநிலையே இல்லை. முகாம்களில் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊரில் என்ன நடந்தாலும் புன்னகை. சாப்பாட்டு வரிசையில் யாராவது முந்தினால் முகம் மாறிவிடும்.

பேச்சுவார்த்தை மேஜையில் நான் கற்றதைச் சொல்கிறேன். கோபப்படுகிற சங்கத்துக்காரனை நிர்வாகத்துக்கு ரொம்பப் பிடிக்கும். அனுபவம் உள்ள பணியாளர் துறை அதிகாரி கோரிக்கைக்குப் பதில் சொல்ல மாட்டார், ஆளைச் சீண்டுவார். நாம் குரலை உயர்த்தியவுடன் கூட்டம் ஒத்திவைக்கப்படும், குறிப்பில் ஒழுங்கீனம் என்று எழுதப்படும், அடுத்த வாரம் கையில் சார்ஜ் மெமோ இருக்கும். கோரிக்கை அதற்குள் காணாமல் போயிருக்கும். சூடு ஏறுவதை ஏறும்போதே கவனிக்கத் தெரிந்தவன் அங்கே அரை நொடி சம்பாதிக்கிறான். அந்த அரை நொடியில், 'சார், அதை அப்புறம் பேசுவோம், மூன்றாவது கோரிக்கைக்குப் பதில் சொல்லுங்கள்' என்று சொல்ல முடியும். நான் தியானத்தில் ஞானம் எதுவும் பெறவில்லை. இந்த அரை நொடி கிடைத்தது. அது சங்கத்துக்கு உபயோகப்பட்டது.

ஆனால் கோபமே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாயிற்கூட்டத்துக்கு முதன்முதலாக வருகிறவரைக் கோபம்தான் அழைத்து வருகிறது. அதைத் தணிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆட்குறைப்புக் கடிதம் வாங்கிய மனிதரிடம் போய் மூச்சைக் கவனியுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவர் காதில் நிர்வாகத்தின் குரலாகவே விழும், விழுவதுதான் சரி. அவர் பின்னால் எப்போதாவது, 'தோழர், நீங்க எப்படித் தூங்குறீங்க?' என்று தானாகக் கேட்டால், அப்போது சொல்லலாம். அவர் கேட்காவிட்டால் நமக்கு வேறு வேலை இருக்கிறது.

அடுத்து, வெளியே மாற்றுவதை விடு என்கிறார்களே முகாம் நண்பர்கள். அவர்களுக்கு அவர்கள் மரபிலிருந்தே பதில் இருக்கிறது. 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம், அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை ஆகிய நான்கு மனநிலைகளில் ஒவ்வொன்றுக்கும் தூரத்துப் பகையும் பக்கத்துப் பகையும் உண்டு என்கிறது. சமநிலையின் தூரத்துப் பகை விருப்பு வெறுப்பு. பக்கத்துப் பகை, அறியாமையால் வரும் அலட்சியம். வெளியிலிருந்து பார்த்தால் சமநிலை மாதிரியே இருக்கும், அதனால்தான் ஆபத்து. இன்னொன்று, கவனம் என்பது புத்தர் சொன்ன எண்வழிப் பாதையின் எட்டு அங்கங்களில் ஒன்றுதான். மற்ற ஏழு அங்கங்களையும் கழற்றிவிட்டு இதை மட்டும் எடுத்தால்தான் அது அலுவலக வகுப்புக்குப் பொருந்தும். நல்வாழ்வாதாரம் என்ற அங்கத்தைச் சேர்த்தால் ஆயுத வியாபாரம், நஞ்சு வியாபாரம், மது வியாபாரம், உயிர்களை விற்பது, இறைச்சி விற்பது கூடாது என்று பட்டியல் வருகிறது. எந்த நிறுவனமும் அதை விரும்பி வரவேற்காது. இறைச்சி பற்றிய பகுதியை நம் ஊர்ச் சாதி அரசியலுக்குள் அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் யாருக்கும் உபதேசிப்பதில்லை.

தோழர்கள் சொல்வதிலும் ஒன்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் உட்காருவது இயக்கத்திலிருந்து திருடிய நேரம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நேரக் கணக்கு நியாயமானதுதான், கூட்டம் இருக்கும் நாளில் அமர்வைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் என் தலைமுறையில் மிக அதிகக் கொதிப்போடு சங்கத்துக்கு வந்தவர்களில் பலர் சில வருடங்களில் காணாமல் போனார்கள். சிலரைக் குடி கொண்டுபோயிற்று, சிலரை இரத்தக் கொதிப்பு, ஒன்றிரண்டு பேரை ரியல் எஸ்டேட். அதற்குத் தியானம்தான் மருந்து என்று சொல்ல மாட்டேன். நடைப்பயிற்சியும் நல்ல நண்பர்களும் பாட்டும் வைத்துக்கொண்டு நாற்பது வருடம் நின்றவர்களும் இருக்கிறார்கள். எனக்கு உட்காருவது உதவியது, அவ்வளவுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். 2014-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு, தியானம் பற்றிய 47 சோதனைகளை, சுமார் 3,500 பேரை உள்ளடக்கியவற்றை, தொகுத்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் பலன் உண்டு என்பதற்கு மிதமான ஆதாரம் இருக்கிறது. ஆனால் உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது முடிவு. இதை ஓரளவு நம்பலாம். தியானம் மனிதரைச் சமூக அக்கறை உள்ளவராக்குமா என்ற கேள்வியில் ஆய்வுகள் இன்னும் தடுமாறுகின்றன. 2021-இல் வந்த ஒன்று, தன்னைத் தனி ஆளாகவே நினைப்பவர்கள் சிறிது நேரம் மைண்ட்ஃபுல்னெஸ் செய்த பிறகு பிறருக்கு உதவ முன்வருவது குறைந்தது, பிறரோடு சேர்த்துத் தன்னை நினைப்பவர்களிடம் கூடியது என்றது. என் அனுபவத்தோடு ஒத்துப்போவதால் எனக்கு இது பிடிக்கும். ஆனால் அமெரிக்கச் சூழலில் நடந்த குறுகிய காலச் சோதனையை வைத்து நம் ஊருக்குச் சட்டம் போட முடியாது. உறுதியாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று: பத்து நாள் மௌனம் எல்லோருக்கும் ஏற்றதில்லை. முன்பு மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், இப்போது மருந்து சாப்பிடுபவர்கள், மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. விண்ணப்பத்தில் அதைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

அன்றாட வாழ்க்கையில் இரண்டும் உரசும் இடம் பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். நல்வாக்கு என்ற அங்கம் பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு நான்கையும் விலக்கச் சொல்கிறது. அரசியல் பழகியவனுக்கு இது மூச்சைக் கவனிப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். நம் தரப்புக்குச் சாதகமான செய்தி வாட்ஸ்அப்பில் வந்தவுடன் உண்மைதானா என்று பார்க்காமல் விரல் அனுப்பிவிடுகிறது. மாற்றுக் கருத்து சொன்ன தோழரைப் பிழைப்புவாதி என்று எழுதிவிட்டு, அரசியல் விமர்சனம் என்று பெயர் வைக்கிறோம். நான் எனக்கு வைத்துக்கொண்ட ஏற்பாடு, நெஞ்சு சூடாக இருக்கும்போது தட்டச்சு செய்யலாம், அனுப்பக் கூடாது. இரண்டாவது இடம் வீடு. சிகாலோவாத சுத்தம் எஜமானின் கடமைகளாக ஐந்தைச் சொல்கிறது: வலிமைக்கு ஏற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயில் கவனிப்பு, நல்ல பண்டத்தில் பங்கு, உரிய நேரத்தில் விடுப்பு. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டா, காய்ச்சலில் வராத நாளுக்குப் பிடித்தம் செய்கிறோமா என்று கேட்டுப் பாருங்கள். எட்டு மணி நேர வேலைக்காக முழங்கிவிட்டு வீட்டுக்கு வரும் தோழரும், எல்லா உயிர்களுக்கும் அன்பு நினைக்கும் மெத்தா பாவனை முடித்து எழும் சாதகரும் இந்த ஒரு கேள்வியில் ஒரேமாதிரி விழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி வரியில் கேட்டதற்கு வருகிறேன். அடுத்த மாதம் பத்து நாள் முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள், அதே வாரத்தில் ஆட்குறைப்பு பற்றிய சமரசப் பேச்சுவார்த்தைக்குத் தேதி வந்திருக்கிறது. பேச்சுவார்த்தைக்குப் போங்கள். முகாமில் முதல் நாளே கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். பத்து நாளும் உங்கள் தோழர்களால் உங்களைப் பிடிக்க முடியாது, நீங்களும் உள்ளே உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். முகாம்கள் வருடம் முழுக்க நடக்கின்றன, சமரச அதிகாரி தேதியைத் தள்ளிக் கொடுப்பது அவ்வளவு நிச்சயமில்லை. இன்றைக்கே எழுதி இடத்தை ரத்து செய்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்குத் தன் அலுவலகத்தில் விடுப்பு கேட்க நேரம் கிடைக்கும்.